குழந்தைக்கு வராத மரபணுவும் குழந்தையை வளர்க்கிறது

இரண்டு வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், வீட்டில் சீக்கிரமே ஒரு கேள்வி எழும்: இது யார் பக்கத்து வழி? அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார் என்று ஒருவர் சொல்வார். அம்மா வழியில் யாரோ ஒருவரை இன்னொருவர் நினைவுபடுத்துவார். கேள்வி இயல்பானதுதான். ஆனால் பெற்றோரின் மரபணு குழந்தையைப் பாதிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அது குழந்தையின் உடலுக்குள் வந்து சேர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. மரபியல் இன்று அந்த எண்ணத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது.

குழந்தையின் மூளை வளர்ச்சியில் மூன்று பேரின் மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது. குழந்தையின் சொந்த மரபணுக்கள் அதன் நரம்பணுக்களுக்குள் இருந்து நேரடியாக வேலை செய்கின்றன. தாயின் மரபணுக்கள் தாயின் உடலுக்குள் வேலை செய்து, கரு வளரும் இடம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அப்புறம், தாய் தந்தை இருவரின் மரபணுக்களும் அவர்களுடைய இயல்பு, உடல்நலம், கவனம், படிப்பு ஆகியவற்றின் வழியாக வீட்டுச் சூழலாக மாறிக் குழந்தையை வந்தடைகின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது நீண்ட காலம் முடியாத காரியமாக இருந்தது. பெற்றோரும் பிள்ளையும் பாதி மரபணுக்களைப் பகிர்ந்துகொள்பவர்கள். எது உடல் வழியாக வந்தது, எது வளர்ப்பு வழியாக வந்தது என்று எப்படிச் சொல்வது?

விடை கண் முன்னாலேயே இருந்தது. பெரும்பாலான மரபணுக்களில் நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அதில் ஒன்றைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறோம். கொடுக்கப்படாத இன்னொரு பிரதி பெற்றோரிடமே தங்கிவிடுகிறது. குழந்தையின் உடலில் எங்கு தேடினாலும் அது கிடைக்காது. அப்படித் தங்கிவிட்ட பாதிக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தால், அது குழந்தையின் உடலுக்கு வெளியேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். 2018இல் ஐஸ்லாந்தின் டிகோட் என்ற மரபியல் நிறுவன ஆய்வாளர்கள் 21,637 பேரின் தரவுகளை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். ஒருவர் எத்தனை ஆண்டுகள் படிப்பார் என்பதோடு தொடர்புடைய மரபணு மாறுபாடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்த பிரதிகளின் விளைவை 100 என்று வைத்தால், வராத பிரதிகளின் விளைவு ஏறத்தாழ 30 இருந்தது. பிள்ளையிடம் இல்லாத மரபணு பிள்ளையின் படிப்பில் தெரிகிறது என்பது, மரபு என்றால் ரத்தம் மட்டும்தான் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு நிச்சயம் அதிர்ச்சிதான்.

பள்ளிப் படிப்பு பல வருடங்கள் கழித்து வருவது. மூளை உருவாகும் தொடக்க காலத்தில், அதாவது கருப்பையில், இந்த வெளிவழி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நோயை நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் பெயர் ஃபினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு.

1934இல் நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளை அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு. இருவரிடமும் ஒரு விசித்திரமான வாடை வீசுகிறது என்று அந்தத் தாய் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோலிங் அவர்களுடைய சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். வழக்கத்துக்கு மாறாக அது பச்சை நிறமானது. அந்தப் பச்சையைத் துரத்திப் போய்த்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். புரத உணவில் இருக்கும் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை அந்தக் குழந்தைகளின் உடலால் உடைக்க முடியவில்லை. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. 12ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் இந்த நோய் வரும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

1950களில் ஃபினைல் அலனின் மிகக் குறைவாக உள்ள உணவு முறை வந்தது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கொண்டுவந்தார். முதல் வாரங்களிலேயே உணவை மாற்றினால் மூளை இயல்பாக வளர்ந்தது. முழுக்க முழுக்க மரபணுவால் வரும் ஒரு நோயை உணவால் தடுக்க முடிந்தது. மரபணு என்றாலே தலைவிதி என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அப்படிக் காப்பாற்றப்பட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து தாயானார்கள். சிறுவயதோடு உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாம் என்று அப்போது பலர் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்குத் தந்தையிடமிருந்து நல்ல பிரதி ஒன்று கிடைத்திருந்ததால் பி.கே.யு. இல்லை. ஆனாலும் சிறிய தலையோடும் அறிவுத்திறன் குறைபாட்டோடும் பலர் பிறந்தார்கள். தாயின் ரத்தத்தில் தேங்கிய ஃபினைல் அலனினை நஞ்சுக்கொடி தடுக்கவில்லை. கருவின் பக்கம் அதன் அளவைக் கூட்டித்தான் அனுப்பியது. சிகிச்சை இல்லாமல், ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஃபினைல் அலனின் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் 92 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்ததாக 1980இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தக் குழந்தைகளின் மரபணு சரியாகவே இருந்தது. அவர்களைப் பாதித்தது தாயின் மரபணு, அதுவும் தாயின் உடலில் இருந்தபடியே. இதற்கும் தீர்வு உணவுதான். கரு தங்குவதற்கு முன்பே தாய் மறுபடி கட்டுப்பாட்டுக்கு வந்து, பிரசவம் வரை அதைக் காப்பாற்றினால் குழந்தைகள் நலமாகப் பிறக்கிறார்கள்.

பி.கே.யு. அபூர்வமானது. ஆனால் அது காட்டும் வழி பொதுவானது. தாயின் ரத்தச் சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், நோய்த் தொற்றுக்கு அவர் உடல் எதிர்வினை செய்யும் விதம் என எல்லாவற்றிலும் அவருடைய மரபணுவின் சாயல் உண்டு. இவை எல்லாமே கருவுக்கு வானிலை போல. அந்த வானிலையை உணவும் மருந்தும் ஓய்வும் மாற்ற முடியும்.

தந்தையின் பங்கு வேறு விதமானது. அவருக்குக் கருப்பை வழி கிடையாது. ஆனால் குழந்தைக்குப் புதிதாக வரும் மரபணு மாற்றங்களில் பெரும்பகுதி அவர் வழியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத சுமார் 60 முதல் 70 வரையான புதிய டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு விந்தணுவிலிருந்து வருபவை. பெண்ணின் கருமுட்டைகள் அவர் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. விந்தணுக்களை உருவாக்கும் செல்களோ வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு பிரதியெடுப்பிலும் பிழை நுழைய வாய்ப்பு இருக்கிறது. தந்தையின் வயதில் ஓர் ஆண்டு கூடினால் சராசரியாக ஒன்றரை மாற்றம் கூடுகிறது. இந்த மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. மூளை வளர்ச்சிக்கு முக்கியமான ஒரு மரபணுவின் நடுவில் போய் விழும் அரிதான மாற்றம்தான் பிரச்சினை. பிரிட்டனில் கடுமையான வளர்ச்சிக் குறைபாடு உள்ள, காரணம் தெரியாத பிள்ளைகளைக் கொண்ட 4,293 குடும்பங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், அந்தப் பிள்ளைகளில் சுமார் 42 சதவீதம் பேரிடம் இப்படிப் புதிதாக வந்த மாற்றமே காரணமாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். பெண் குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்கும் ரெட் நோயும் இந்த வகைதான். முதல் சில மாதங்கள் இயல்பாக இருக்கும் குழந்தை, கற்ற சொற்களையும் கைப் பழக்கத்தையும் மெல்ல இழக்கும். ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிலும் அது புதிய மாற்றத்தால் வருவது. யார் பக்கத்து வழி என்று அங்கே கேட்டால், எந்தப் பக்கமும் இல்லை என்பதுதான் பதில்.

யாரிடமிருந்து வந்தது என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடும் இடமும் ஒன்று உண்டு. மனிதரிடம் சுமார் நூறு மரபணுக்கள், தாயிடமிருந்து வந்தவை, தந்தையிடமிருந்து வந்தவை என்ற அடையாளத்தோடு இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கப் பிரதி மட்டும் விழித்திருக்கும், இன்னொன்று தூங்கும். 15ஆவது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு தந்தை வழிப் பிரதியில் இல்லாமல் போனால் பிரேடர் வில்லி நோய் வருகிறது. குழந்தை தளர்ந்த தசைகளோடு, பால் உறிஞ்சவே சக்தியில்லாமல் பிறந்து, சில வருடங்களில் அடங்காத பசிக்கு ஆளாகும். அதே துண்டு தாய் வழிப் பிரதியில் இல்லாமல் போனால் வருவது ஏஞ்சல்மேன் நோய். அந்தக் குழந்தைக்குப் பேச்சு ஏறத்தாழ வராது, வலிப்பு வரும், நடை தள்ளாடும், அடிக்கடி சிரிக்கும். ஒரே இடத்தில் ஒரே இழப்பு, ஆனால் இரண்டு வேறு குழந்தைகள்.

இதுவரை சொன்னவை அபூர்வ நோய்கள். பெரும்பாலான குழந்தைகளின் கதை வேறு. எப்போது குப்புற விழும், எப்போது நடக்கும், எப்போது பேசும், எவ்வளவு துறுதுறுப்பாக இருக்கும் என்பதையெல்லாம் எந்தத் தனி மரபணுவும் முடிவு செய்வதில்லை. ஆயிரக்கணக்கான மாறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் தள்ளிவிடுகின்றன. 70,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வில், முதல் அடி எடுத்துவைக்கும் வயதோடு தொடர்புடைய 11 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. குழந்தைக்குக் குழந்தை நடக்கும் வயது வேறுபடுவதில் ஏறத்தாழ கால் பங்கைப் பொதுவான மரபணு மாறுபாடுகளால் விளக்க முடிந்தது. தாமதமாக நடக்க வைக்கும் மரபணு மாறுபாடுகள், ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகையியக்கத்தின் வாய்ப்பு குறைவதோடு சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை பதினோரு மாதத்தில் நடந்துவிட்டதே என்று தவிக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆட்டிசத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மீதான பழி மிகக் கொடூரமாக விழுந்தது இங்கேதான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாசம் காட்டாத தாயால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள், எழுதினார்கள். பிள்ளையின் துன்பத்தோடு அந்தக் குற்றச்சாட்டையும் சேர்த்துச் சுமந்த தாய்மார் எத்தனையோ பேர். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு அந்தக் கோட்பாட்டை ஆட்டம் காண வைத்தது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த, அதனால் மரபணுக்களும் ஒன்றேயான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனி கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2019இல் டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பிறந்த 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆட்டிச வாய்ப்பில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபு வழியானது என்று வந்தது. தாயின் உடல்நிலை வழியாகத் தனியாக வரும் பங்கு மிக மிகச் சிறியதாகவே இருந்தது. நான் இந்த எண்ணைத்தான் எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்வேன்.

இனி வீட்டுச் சூழலுக்கு வருவோம். நார்வே 1999 முதல் 2008 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. அதில் சுமார் 1,14,000 குழந்தைகள், 95,000 தாய்மார், 75,000 தந்தையர் இருக்கிறார்கள். பெற்றோரின் ரத்தம், குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம், ஆறு மாதம், ஒன்றரை வயது, மூன்று வயது என்று தொடர்ந்து வரும் கேள்வித்தாள்கள் என எல்லாமே சேகரிக்கப்பட்டிருக்கின்றன. தாய், தந்தை, பிள்ளை என்று மூவரின் மரபணுவையும் ஒரே கணக்கில் வைத்தால், குழந்தையின் சொந்தப் பங்கையும், தாயின் பங்கையும், தந்தையின் பங்கையும் தனித்தனியே பார்க்கலாம். தந்தையை இதில் சேர்த்தது ஒரு முக்கியமான காரணத்துக்காகவும் உதவுகிறது. தாயின் மறைமுக விளைவு, அதாவது குழந்தைக்கு வராமலே அதைத் தொடும் மரபணு விளைவு, தந்தையின் விளைவைவிடப் பெரியதாக இருந்தால், கருப்பைக்கு அதில் பங்கு இருக்கலாம். இருவருக்கும் ஏறத்தாழ சமமாக இருந்தால், கருப்பையைவிடக் குடும்பச் சூழலைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. பெற்றோரின் மறைமுக விளைவு என்று கணக்கில் தெரிவதெல்லாம் அவர்கள் குழந்தையை வளர்க்கும் விதம் ஆகிவிடாது. ஒத்த படிப்பு, ஒத்த இயல்பு உள்ளவர்கள் ஒருவரையொருவர் துணையாகத் தேர்ந்தெடுப்பதால் இருவரின் மரபணுக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையதாகிவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக வரும் வசதியும் வறுமையும் மரபணுவின் வேடத்தில் வந்து நிற்கும். இன்னொரு சிக்கல், ஒன்றரை வயதுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேள்வித்தாளில் எழுதுவது பெரும்பாலும் தாய். தானே பதற்றமான இயல்பு கொண்டவர் குழந்தையின் அழுகையைக் கூடுதலாகக் கணிக்கக்கூடும். அப்போது நாம் அளப்பது குழந்தையையா, அம்மாவின் பார்வையையா? மறைமுக விளைவு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெற்றோரின் வளர்ப்பு சரியில்லை என்று சொல்பவர், பழைய பழியைப் புதிய எண்களில் எழுதுகிறார்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குழந்தை தன் சூழலைத் தானே உருவாக்குகிறது. முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தையிடம் பெரியவர்கள் அதிகம் பேசுவார்கள். கதைப் புத்தகத்தைத் தானே இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு அதிகம் படித்துக் காட்டுவார்கள். தூங்காமல் கத்தும் குழந்தையின் பெற்றோர் களைத்துப்போய்ச் சீக்கிரம் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை மட்டும் பார்த்துவிட்டு, கோபத்தால்தான் குழந்தை இப்படி ஆனது என்று முடிவு கட்டினால், காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.

வயதும் முக்கியம். மழலைப் பருவத்துச் சொல்வளத்தை ஆராய்ந்த இரட்டையர் ஆய்வுகளில், இரண்டு வயதில் சொந்த மரபணுவைவிட, ஒரே வீட்டில் வளர்வதற்குத்தான் பெரும்பங்கு. வயது ஏற ஏற மரபணுவின் பங்கு கூடுகிறது. 11,000 இரட்டையர் ஜோடிகளை வைத்துப் பொது அறிவுத்திறனை அளந்ததில் அது 9 வயதில் 41 சதவீதமாகவும், 12 வயதில் 55 ஆகவும், 17 வயதில் 66 ஆகவும் இருந்தது. வளர வளரப் பிள்ளை தன் விருப்பப்படி நண்பர்களையும் வேலையையும் புத்தகங்களையும் தேர்ந்தெடுப்பது இதற்கு ஒரு காரணம். ஆக, பெற்றோர் பேசும் பேச்சுக்கும் காட்டும் பொறுமைக்கும் எடை அதிகமாக இருப்பது அந்த முதல் சில வருடங்களில்தான்.

இந்த அறிவை வைத்து இப்போதே வியாபாரம் நடக்கிறது. ஆயிரக்கணக்கான மாறுபாடுகளின் சிறு விளைவுகளைக் கூட்டிப் போடும் மரபணு மதிப்பெண்ணைக் கருவிலேயே பார்த்து அறிவாளிக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விற்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை, மற்ற மக்களிடம் அவற்றின் துல்லியம் வெகுவாகக் குறைகிறது. படிப்புக்கான மரபணு மதிப்பெண்ணில் ஒரு பெரிய பங்கு, மேலே சொன்ன மறைமுக விளைவிலிருந்து வருவது. பிரிட்டனில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்களிடம் அது படிப்பைக் கணிக்கும் திறன், சொந்தப் பெற்றோரிடம் வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் பாதிதான் இருந்தது. ஒரே பெற்றோரின் கருக்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்த எண் சொல்வது மிகக் குறைவு. இதற்குப் பணம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மரபணுச் சோதனை உண்மையிலேயே கைகொடுப்பது வேறிடத்தில். குழந்தைக்குக் கடுமையான வளர்ச்சித் தாமதம் இருந்தால், குழந்தையோடு சேர்த்து அம்மா அப்பாவின் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்வார்கள். குற்றவாளியைத் தேடுவதற்காக அல்ல, அடுத்த குழந்தையைப் பற்றிச் சொல்வதற்காக. மாற்றம் புதிதாக வந்ததென்றால் அடுத்த குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீத அளவில்தான். அறிவுத்திறன் குறைபாட்டைத் தரும் ஃப்ராஜைல் எக்ஸ் போன்ற பரம்பரை நோய் என்றால் கணக்கு வேறு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். 55 முதல் 200 தடவை வரை வந்தால் அறிவுத்திறனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அது நீண்டு 200ஐத் தாண்டினால் மரபணு மூடிக்கொள்ளும். அந்த எக்ஸ் குரோமோசோம் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தாயின் சகோதரிகளும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அவர்கள் குழந்தை பெற நினைக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.